நடுச்சுவரில் விட்ட வழி

டீச்சர்,

இன்று காலை சேலை எடுக்க அலமாரியைத் திறந்தேன். மஸ்கெலியாவில் மழை பிடித்தால் துணிமணியில் பூஞ்சணம் பூத்துவிடுவது உங்களுக்குத் தெரிந்ததுதானே. அதற்காக அடித்தட்டில் ஒரு சின்ன பல்பை எரியவிட்டிருக்கிறேன். சூடேறிய பலகையும் பூச்சி உருண்டையும் ஈரத் தூசியும் கலந்து ஒரு வாசனை முகத்தில் அடித்தது. எடுத்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். நம் கணினி அறையின் வாசனை அது. உங்கள் தம்பி தொலைபேசியில் அந்தச் செய்தியைச் சொன்ன நாளில்கூட எனக்குக் கண் கலங்கவில்லை. இன்று கலங்கிற்று.

அந்தக் கணினிக்கும் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே பல்பு எரியவிட்டிருந்தோம். முதன்முதலில் அதைப் பார்த்தபோது நீங்கள் சிரித்தீர்கள். "எங்கட ஊரில கோழிக்குஞ்சுக்குத்தான் இப்பிடிப் பல்பு போடுறது டீச்சர். இது எப்ப முட்டை இடும்?"

நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த விஞ்ஞான ஆசிரியை. நான் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் தொழிலாளர் வீடொன்றில், பிறந்து, படித்த பள்ளிக்கூடத்திலேயே கணிதம் படிப்பிக்க வந்தவள். நீங்கள் என்னை டீச்சர் என்பீர்கள், நான் உங்களை டீச்சர் என்பேன். இரண்டு பேரின் தமிழும் வேறு வேறாக இருந்ததால், ஓய்வறைக்கு வெளியே நின்று கேட்பவருக்கும் யார் பேசுவது என்று குழப்பம் வந்ததில்லை.

கணினி ஒன்றே ஒன்று. அதை வாங்குவதற்கு நம் பள்ளிக்கூட அதிபர் ஏறி இறங்காத படி இல்லை. வந்த பிறகு அதில் நான் சாதாரண தரப் பரீட்சைக்கான கணிதப் பயிற்சி வினாத்தாள்களைத் தட்டச்சு செய்தேன். பின்னம், சதவீதம், கேத்திரகணிதப் படங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பள்ளிக்கூடங்களும் அந்தத் தாள்களை நம்பியிருந்தன. பிரதி எடுத்து வைத்த ஃப்ளொப்பிகளில் பூஞ்சணம் ஏறி ஒன்றும் திறக்காமல் போயிற்று. ஆக, இருந்த ஒரே பிரதி அந்த மரப்பெட்டிக்குள்தான்.

இந்த நிலைமையில் ஒரு மாணவன் எதையோ அழித்து, கணினி ஒரு வாரம் கண் திறக்காமல் கிடந்தது. நீங்கள்தான் அதை மீட்டுக் கொடுத்தீர்கள். ஆனால் அதிபர் அறைக்குப் பூட்டுப் போட்டு, திறப்பைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம், தொடக்கூடாது. நீங்கள் விடவில்லை.

"நீந்தப் பழக்கிறதுக்குக் கரும்பலகையில தண்ணியைக் கீறிக் காட்டுறதோ சேர்?"

"தண்ணியில விழுந்தா பிள்ளய தூக்கிரலாம் டீச்சர். இது விழுந்தா யாருங்க தூக்குவா? இன்னொன்னு வர்றதுக்குள்ள நான் பென்சன் போயிருவேன்."

அவர் கெட்டவர் இல்லை. ஏழை வீட்டில் ஒரே ஒரு நல்ல பாத்திரம் இருந்தால் அதைக் கூரை இறவாணத்தில் கட்டி வைப்பார்களே, அந்தப் பயம்தான் அவருக்கு. நீங்கள் அவரிடம் ஒரு பேச்சைக் கொடுத்தீர்கள். "பிள்ளையள் எதை உடைச்சாலும் உங்கட வினாத்தாளில ஒரு புள்ளிகூட அசையாது. அப்பிடி ஒரு ஒழுங்கு செய்து காட்டுறன். காட்டினால் திறப்பை வெளியில ஆணியில கொழுவ வேணும்."

அதிபர் பிடித்துக்கொண்டார். "சரி. சனிக்கிழம பெற்றார் கூட்டம் வருது. எல்லாரும் பாக்க ஒரு பிள்ள அழிக்கட்டும். ஒரு தாள் போனாலும் அறைக்கு ரெண்டு பூட்டு. அதுக்குப் பெறகு என்கிட்ட இதப் பத்திப் பேசக்கூடாது."

படி இறங்கும்போது நான் கேட்டேன். "ஏங்க டீச்சர், அந்த ஒழுங்கு என்னான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அரைவாசி தெரியும்" என்றீர்கள். "மிச்ச அரைவாசியை நீங்களும் நானும் படிப்பம்."

வெளிநாட்டிலிருந்து உங்கள் தம்பி அனுப்பிய லினக்ஸ் குறுவட்டுகளும், அச்சடித்த சில ஆங்கிலப் பக்கங்களும்தான் நம் பாடநூல். பள்ளி விட்ட பிறகு அதிபரிடம் திறப்பை வாங்கி உட்காருவோம். ஜன்னல் இடுக்கால் பனிமூட்டம் உள்ளே வரும். படம் கிடையாது, சுட்டி கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கட்டளை கொடுக்கவேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அது தலையாட்டாது.

நீங்கள் எனக்கு விளங்கப்படுத்திய விதம் இன்னும் நினைவிருக்கிறது. கணினிக்குள் இருப்பதெல்லாம் ஒரே வேரிலிருந்து கிளை பிரிந்து போகிறது. ‘சி எச் ரூட்’ என்று ஒரு கட்டளை. அதைக் கொடுத்தால், நாம் காட்டும் ஒரு சின்னக் கிளையையே வேர் என்று உள்ளே இருப்பவர் நம்பிவிடுவார். அதற்கு வெளியே உலகம் இருப்பதே அவருக்குத் தெரியாது. "கிணத்துத் தவளை எண்டு பிள்ளையளை ஏசுறம். இப்ப நாங்களே கிணறு வெட்டித் தவளையை இறக்கிறம்" என்றீர்கள்.

கிணறு வெட்டியாகிவிட்டது. தவளைதான் இறங்கவில்லை. கட்டளைகளை வாங்கி நடத்தும் ‘ஷெல்’ என்ற நிரலை அந்தச் சின்னக் கிளைக்குள் பிரதி பண்ணி வைத்தோம். உள்ளே போகச் சொன்னால், "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று மறுமொழி. வெளியே இருந்து பார்த்தால் கோப்பு கண் முன்னால் இருக்கிறது. மறுபடி கொடுத்தோம். இல்லை. அழித்துவிட்டுப் புதிதாகப் பிரதி பண்ணினோம். இல்லை. சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. உங்கள் குரல் நாளுக்கு நாள் சுருங்கியது. "இருக்கிற சாமானை இல்லை எண்டுது. இது என்ன பேய்க்கதை?" என்று மேசையில் குத்தினீர்கள்.

எனக்குக் கணினி தெரியாது. உதாரணம் சொல்லத்தான் தெரியும். எங்கள் லயத்தில் புதுசாகக் கல்யாணம் கட்டினவர்களுக்குத் தனிக் காம்பரா, அந்த வரிசையில் ஓர் அறை வீடு, கொடுத்தால், பானை, விறகு, அரிசி எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும், தீப்பெட்டி மறந்திருக்கும். "அடுப்ப மட்டும் கொண்டுபோய் வச்சா சோறு வெந்துருமாங்க? தீப்பெட்டி இல்லாத அடுப்பு இருந்தும் இல்லாததுதானே?" என்றேன்.

நீங்கள் சட்டென்று நிமிர்ந்தீர்கள். பிறகு அந்தப் பக்கங்களைப் புரட்டினீர்கள். ஒரு நிரல் வேறு எந்தெந்தக் கோப்புகளில் சாய்ந்து நிற்கிறது என்று கேட்க ஒரு கட்டளை இருந்தது. கேட்டீர்கள். திரையில் வரிசையாக வந்தன. ஷெல்லுக்கு வேண்டிய அந்தத் துணைக்கோப்புகளை நாம் உள்ளே அனுப்பவே இல்லை. ஒவ்வொன்றாகப் பிரதி பண்ணினோம். பிறகு சி எச் ரூட். ஒரு சின்னக் குறி வந்து கண் சிமிட்டியது.

"தவளை முழிச்சிட்டுது டீச்சர்!" என்று நீங்கள் கத்தியதில் வாசல் கூட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

அன்றிலிருந்து அதற்கு நாம் வைத்த பெயர் காம்பரா. லயம் ஒன்று, கூரை ஒன்று, காம்பராவுக்குக் காம்பரா அடுப்பு வேறு. கணினியின் அடிவேலையைச் செய்யும் கரு நிரல்தான் கூரை. அது எல்லோருக்கும் பொது. லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது என்பதையும் சொல்லியிருந்தேன். பக்கத்து வீட்டுச் சண்டை மேலால் கேட்கும். நீங்கள் சோதித்துப் பார்த்துவிட்டு, "மெய்தான், இதிலயும் சுவர் முழுசா இல்லை. ஆனால் பிள்ளையளுக்கு இந்தளவு காணும்" என்றீர்கள். முழுக் காம்பராவையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வெளியே வைத்தீர்கள். உள்ளே இருப்பது நாசமானால் பொட்டலத்தைப் பிரித்தால் போதும், புதுக் காம்பரா.

இன்னொன்றும் சொல்லியிருந்தேன். என் சித்தப்பா வீடு எங்களுக்கு அடுத்த காம்பரா. நடுச்சுவரில், தரையோடு ஒட்டி, ஒரு கல்லைப் பெயர்த்து வழி விட்டிருந்தார்கள், குழம்புக் கிண்ணம் போய்வர. காம்பராவைக் கழுவும் நாளில் அந்த வழியில் சாக்கைத் திணித்துவிட்டுத்தான் அம்மா தண்ணீர் ஊற்றுவார். மறந்தால் அந்தப் பக்கம் சித்தப்பாவின் அரிசி மூட்டை நனைந்துவிடும்.

அந்தக் கதையை நீங்கள் மிகவும் ரசித்தீர்கள்.

சனிக்கிழமை மழை. பெற்றார் மழைக்குப் போர்த்திய கொங்காணியை உதறிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். நான் மண்டபத்தில் கதிரை போட்டு, தேத்தண்ணீருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் கணினி அறையில் நடந்ததை நீங்கள் பிறகு சொல்லித்தான் அறிந்தேன். ஆனால் ஒரு வரியைத் தாண்டினால் கணக்கு விளங்காது என்பதால் இந்த இடத்திலேயே எழுதிவிடுகிறேன்.

அதிபர் வந்து, முதலில் பிள்ளை அந்தப் பயிற்சித்தாள்களைத் திறந்து பெற்றாருக்குக் காட்டட்டும், பிறகு அழிக்கலாம் என்றிருக்கிறார். தாள்கள் காம்பராவுக்கு வெளியே. பிள்ளை உள்ளே. நீங்கள் என் சித்தப்பா வீட்டு வழியை நினைத்துக்கொண்டு, ஒரு கட்டளையால் வினாத்தாள் இருக்கும் இடத்தைக் காம்பராவுக்குள்ளும் தெரியும்படி திறந்துவிட்டீர்கள். அது பிரதி இல்லை, அதே தாள்கள். உள்ளேயிருந்து அழித்தாலும் அழிவது அவைதான். காட்டி முடிந்த கையோடு வழியை அடைத்துவிடலாம் என்பது உங்கள் எண்ணம்.

பிறகு பெற்றாரோடு நானும் வந்து சேர, எல்லோரும் அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். புவனா என்ற பத்தாம் வகுப்புப் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தாள். அதிபர் திறப்பை எல்லோரும் காணும்படி மேசைமேல் வைத்தார். பல்பு ஒருதரம் மங்கி எழும்பியது.

"தண்ணி நம்மகிட்ட இருந்து போகுது, கரண்ட் மட்டும் நம்மகிட்ட வர்றதுக்கு வெக்கப்படுதுங்க" என்றார் ஒரு தகப்பன். பொல்பிட்டிய மின்நிலையத்தில் வேலை செய்யும் இன்னொருவர், "அது கொழும்பு பாத்துட்டுத்தான் வருமுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

புவனா காம்பராவுக்குள் நுழைந்து, வினாத்தாள் இருக்கும் இடத்துக்குப் போய், ஒரு தாளைத் திறந்தாள். நான் தட்டச்சு செய்த கேள்விகள் எழுத்தாக ஓடின. அவள் அம்மா, "ஏ, நம்ம பாப்பாவா!" என்றார். மழை வலுத்தது. ஹட்டன் பஸ் தவறினால் பலருக்கு நடைதான். அதிபர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, காட்டினது போதும். எல்லாத்தயும் அழி பாப்பா. பயப்படாத, டீச்சர் சொல்லிட்டாங்க, ஒன்னும் ஆகாதாம்."

புவனா அடித்தாள். ஒன்றும் கேட்காமல், வேரிலிருந்து எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை. நாமே சொல்லிக் கொடுத்ததுதான். எழுத்துகள் முடிந்தன. அவள் விரல் எண்டருக்குப் போயிற்று.

"பொறு பிள்ளை! கையை எடு!"

அப்படி ஒரு குரலை உங்களிடம் அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. புவனா கையை உதறிக்கொண்டாள். அறை முழுவதும் உங்களைப் பார்த்தது.

"என்னங்க டீச்சர்?" என்றார் அதிபர்.

மின்சாரத்தின் மேல் பழி போட்டிருக்கலாம். மழை, பஸ், எதையும் சொல்லியிருக்கலாம். நீங்கள் சொன்னது இதுதான்: "நான் ஒரு வழி திறந்தனான் சேர். அடைக்கேல்லை. இப்ப அழிச்சால் வினாத்தாளும் சேர்ந்து போகும்."

அதிபர் மேசையிலிருந்த திறப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தாள்கள் தப்பின என்பதுகூட அப்போது தோன்றவில்லை. இந்தப் பிள்ளைகள் இனி ஜன்னலுக்கு வெளியேதான் என்று தோன்றியது.

"திறப்பைப் பேந்து பாப்பம் சேர். கட்டளை இன்னும் திரையில நிக்குது. முதல் அதை எடுக்க விடுங்கோ."

அடித்ததை அழிக்கும் விசை எண்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. விரல் வழுக்கினால் முடிந்தது. புவனா இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டாள். அவளை எழுப்பிவிட்டு நீங்கள் உட்காருவீர்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவளே பாதி எழுந்துவிட்டாள். நீங்கள் அவள் தோளைத் தொட்டு இருத்தினீர்கள்.

"நீ அடிச்சதை நீயே அழி. ஒவ்வொரு எழுத்தா. எங்களுக்கு அவசரமில்லை."

"பஸ்ஸு..." என்று யாரோ முனகினார். "சும்மா இருய்யா" என்றார் புவனாவின் அம்மா.

ஓர் எழுத்து. இன்னோர் எழுத்து. பல்பு மறுபடி மங்கியது. வரி வெறுமையானது.

நீங்கள் குனிந்து, இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினீர்கள். காம்பராவுக்கு வெளியே உள்ள மற்றத் திரை வந்தது. வழியை அடைக்கும் கட்டளையைக் கொடுத்தீர்கள். அது மறுத்தது. அந்த இடம் இன்னும் பாவனையில், யாரோ பயன்படுத்தியபடி, இருக்கிறதாம். மறுபடி கொடுத்தீர்கள். மறுபடி மறுத்தது. அதிபர் பையில் கை வைத்தபடி நின்றார்.

எனக்கு எங்கள் அம்மா சாக்கும் கையுமாக நின்று சத்தம் போடுவது ஞாபகம் வந்தது. "டீச்சர், வழியில ஆள் நிக்குதுங்க. புவனா தாள் பாக்கப் போன எடத்துலயேதானேங்க இன்னும் நிக்கிறா? ஆள் நகராம எப்படிங்க அடைக்கிறது?"

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை, டீச்சர், நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

"பிள்ளை, உள்ளுக்குப் போய் அந்த இடத்தை விட்டு வெளியில வா." திரை மாறியது. புவனா ஒரு சின்னக் கட்டளை கொடுத்துக் காம்பராவின் நடுவுக்கு வந்தாள். திரை மறுபடி மாறியது. அடைக்கும் கட்டளை. இந்த முறை கணினி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் சம்மதம் என்று அதற்குள் நாம் படித்திருந்தோம். ஆனாலும் நீங்கள் நம்பவில்லை. உள்ளேயிருந்து வினாத்தாள் இருந்த இடத்தைப் பார்க்கச் சொன்னீர்கள். வெறுமை. பிறகுதான், "இப்ப அழி" என்றீர்கள்.

புவனா அடித்தாள். இந்த முறை அதிபரைப் பார்த்தாள். அவர் தலையாட்டவில்லை. உங்களைப் பார்த்தாள். எண்டரை அழுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள். கேட்கும் கட்டளையே இல்லை என்றது. காம்பராவில் அடுப்பும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை.

அதிபர் என் பக்கம் திரும்பினார். "தாள் அடிச்சது நீங்கதானே. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

நான் வெளித்திரைக்குப் போய்ப் பார்த்தேன். எழுத்துகள் கண்ணீரில் மிதந்ததால் இரண்டு தரம் பார்க்கவேண்டியிருந்தது. "இந்தப் பக்கம் எல்லாம் அப்படியே இருக்குங்க சேர்" என்றேன்.

நீங்கள் பொட்டலத்தைப் பிரித்தீர்கள். தேத்தண்ணீர் ஒரு சுற்று வருவதற்குள் காம்பரா பழையபடி எழும்பி நின்றது. அதிபர் கோப்பையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். "அவ்வளவுதானா?" என்றார். "அவ்வளவுதான் சேர்" என்றீர்கள். அவர் வெளியே போய், கதவு நிலையில் அடித்திருந்த ஆணியில் திறப்பைக் கொழுவினார். போகிற போக்கில், "அந்த ஓட்ட போடுற வேல மட்டும் இனி வேணாம் டீச்சர்" என்றார்.

இப்போது பத்திரிகையில் கொள்கலன், கன்டெய்னர் என்று எழுதுகிறார்கள். பெரிய பெரிய கம்பனிகள் கணினிக்குள் காம்பரா காம்பராவாகக் கட்டி, நினைத்தபோது இடித்து, நினைத்தபோது எழுப்புகிறார்களாம். சுவரும் இப்போது நன்றாகத்தான் வைக்கிறார்களாம். வாசிக்கும்போது பக்கத்தில் திரும்பி உங்களிடம் ஏதோ சொல்லப் போவேன்.

போரில் மூடியிருந்த யாழ்ப்பாணப் பாதை திறந்த பிறகு ஊரோடு மாற்றல் கிடைத்து நீங்கள் போனீர்கள். பெருநாளுக்குப் பெருநாள் தொலைபேசி, இடையிடையே நீங்கள் அனுப்பும் பனங்கட்டி, நான் அனுப்பும் தேயிலை. நம் இருவருக்கும் நடுவே கிண்ணம் போய்வரும் வழி எப்போதும் திறந்தே கிடந்தது.

போன மாதம் உங்கள் தம்பி பேசினார். "அக்கா போயிட்டா டீச்சர். எல்லாம் முடிஞ்சுது. உடுப்பு, புத்தகம் எல்லாம் குடுத்திட்டம். வீட்டையும் கழுவிப் போட்டம்."

கழுவுவதற்கு முன் சாக்கு அடைத்தீர்களா என்று கேட்க வாய் வந்தது. அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? "சரிங்க தம்பி" என்று வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரு பயம். அந்தப் பக்கம் ஊற்றிய தண்ணீர் இந்தப் பக்கமும் வந்திருக்குமோ என்று. வயதாகிறது, டீச்சர். பெயர்கள் போகின்றன, நேற்று வைத்த கண்ணாடி போகிறது. இன்று காலை அந்த வாசனைக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முட்டையிடாத கோழிக்குஞ்சு இருக்கிறது. முழித்த தவளை இருக்கிறது. புவனாவின் தோளில் நீங்கள் வைத்த கை இருக்கிறது. அவளை எழுப்பாமல் இருத்திய அந்தக் கை.

இந்தப் பக்கம் எல்லாம் அப்படியே இருக்குங்க, டீச்சர்.